மாதிரிப் போத்தல்

அவனுடைய தொண்டை முடிச்சு ஏறி இறங்குகிறது, ஒருதரம், இரண்டுதரம், கிளாஸ் மெல்லச் சரிந்து கடைசித் துளியும் உதட்டில் விழும்வரை நேசமலர் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஈரக்கையைச் சட்டை விளிம்பில் துடைத்தபடி, ஊருக்கே விருந்து வைத்தவளைப் போல ஒரு பெருமை வேறு முகத்தில், அந்த முகத்தை இன்றைக்கு நினைத்தாலும் தன் கன்னத்தில் தானே ஓங்கி அறைய வேண்டும்போல இருக்கிறது அவளுக்கு, நல்ல தண்ணி அக்கா, நெஞ்சு குளிர்ந்திட்டுது என்று அவன் சொன்னான், அவன் என்றால் தர்சிகன், சண்டை முடிந்த நகரத்தில் வறுமையைக் குறைக்க வந்த திட்டத்தின் கள உத்தியோகத்தன், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சப்பாத்தில் சேறு படாமல் கல்லுக்குக் கல் தாவி ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தவன், கிளாசை நீட்டிய கையாலேயே பைக்குள் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தான், வெள்ளை மூடி, வயிற்றில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, நீங்கள் குடிக்கிற தண்ணியை இதில நிரப்பித் தாங்கோ அக்கா, கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கப் போறம் என்றான், எல்லா வீட்டிலும் எடுக்கிறேலையோ தம்பி என்று இவள் கேட்டாள், ஒழுங்கைக்கு ஒண்டு போதும் அக்கா, எல்லாம் ஒரே நிலம்தானே என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் தடவத் தொடங்கினான். கிணறு வீட்டின் பின்பக்கம் பதினைந்து எட்டு நடையில் இருந்தது. இடையில் கழிவு வாய்க்கால் ஒன்று ஓடியது, ஓடியது என்ன, கிடந்தது, அதைத் தாண்ட அந்தச் சப்பாத்துக்கு மனம் வரவில்லை.

கண்ணாப்பத்தை என்று சொன்னால் யாழ்ப்பாண நகரத்துக்குள்ளேயே பாதிப்பேருக்கு எங்கே என்று தெரியாது, கடனீரேரி ஓரத்தில் அறுபத்திரண்டு குடும்பம், முகாமில் இருந்து திரும்பி வந்து தகரம் தகரமாய் அடித்து எழுப்பிய வீடுகள், எந்த வளவில் தோண்டினாலும் உவர்த்தண்ணிதான், அதில் சவுக்காரம் நுரைக்காது, சோறு மஞ்சளித்துப் போகும், குளித்தால் உடம்பு பிசுபிசுக்கும், பால் விட்டுத் தேத்தண்ணி போட்டால் கண்முன்னாலேயே திரையும், ஆகவே வாயில் வைக்கிற தண்ணீருக்கு இரண்டரை மைல் சைக்கிள் உழக்கி நல்ல தண்ணிக் கிணற்றுக்குப் போகவேண்டும், பின்கரியரில் இரண்டு பிளாஸ்ரிக் கான், வலது முழங்காலுக்குள் எடுக்க முடியாமல் விட்ட ஷெல் துண்டு ஒன்று, உழக்க உழக்க அது உள்ளே இருந்து கொறிக்கும், இனிச் சைக்கிள் ஓடினால் நடையும் போய்விடும் என்று டொக்டர் சொல்லி வருடம் ஒன்றாகிறது, அவர் சொல்லிவிட்டுப் போவார், தண்ணீரை யார் கொண்டுவந்து தருவது. அப்படிக் கொண்டுவந்த தண்ணீர் குசினியில் மூடிபோட்ட அலுமினியப் பானைக்குள் தனியாக இருக்கும், அவள் தனக்கென்று அதில் அரைக் கிளாஸ்தான் எடுப்பாள், பல நாள் உவர்த்தண்ணியையே கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுக் கிடப்பாள், ஆனால் வாசலுக்கு வந்தவருக்கு, அவர் யாராக இருந்தாலும், சீட்டுக்காரனோ கிராம விதானையாரோ, பானைத் தண்ணீர்தான், நிறைகிளாஸ்தான், இது கண்ணாப்பத்தையில் எல்லா வீட்டிலும் உள்ள முறை, இல்லாத வீடு என்று வந்தவர் முகம் சுளித்துவிடக் கூடாது. போத்தலோடு குசினிக்குள் போனவள் பின்கதவால் இறங்கிக் கிணற்றடிக்குத்தான் போகப் பார்த்தாள், நிலையில் கால் நின்றுவிட்டது, கொழும்பில் கண்ணாடி போட்டவர்கள் நாலுபேர் மேசையைச் சுற்றி இருந்து இந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதாக ஒரு படம் மனதில் வந்தது, சீ, என்ன தண்ணி இது, இதையா குடிக்கினம் என்று ஒருவர் மற்றவரைப் பார்ப்பதாக, அவ்வளவுதான், அவளுடைய கை தானாகவே பானை மூடியைத் திறந்தது, போத்தல் நிறைந்தது, தெளிந்த தண்ணீர், கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதுவும் குடிக்கிற தண்ணிதானே என்று மனதுக்கு ஒரு சமாதானம் வேறு. வளவுக் கிணறு என்று அவன் தாளில் எழுதினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இல்லை தம்பி என்று ஒரு சொல் வாய்வரை வந்தது, வந்த விருந்தாளியைத் திருத்துவது எப்படி என்று அதையும் விழுங்கிக்கொண்டாள், மக்கு, மக்கிலும் மக்கு.

ஆனால் அது வெறும் மக்குத்தனமும் இல்லை, அந்தத் தொண்டை ஏறி இறங்கும்போது அவள் பார்த்தது தர்சிகனை மட்டுமா, கண்ணை மூடினால் வேறொரு தொண்டை வருகிறது, தாடி முளைத்த, மணல் ஒட்டிய தொண்டை, புருஷன் இராயப்புவின் தொண்டை, சண்டையின் கடைசி மாதங்களில் சனமெல்லாம் ஒடுங்கிக் கிடந்த அந்தக் கடற்கரையில் அவள் சிரட்டையால் மணலைத் தோண்டுகிறாள், முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறுகிறது, கலங்கலாய், சேலைத் துண்டில் வடித்துப் பால்பேணியில் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடுகிறாள், புருஷன் பதுங்குகுழிக்குள் சரிந்து கிடக்கிறார், விலாவில் சுற்றிய துணி சிவப்பாய் ஊறிக்கொண்டிருக்கிறது, அவள் வடிக்கும்போதே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், கடல்தான், சுத்தக் கடல், இருந்தும் கொடுக்கிறாள், வேறு என்ன இருக்கிறது, தொண்டை முடிச்சு ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, நின்று, பிறகு இறங்குகிறது, முழுப் பேணியையும் குடித்து முடித்துவிட்டு அவர் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார், நல்ல தண்ணி நேசம், எங்கை பிடிச்சனீர் என்கிறார். விடிய அவர் இல்லை. அந்தப் பொய்யை அவள் பதினைந்து வருடமாய்ச் சுமக்கிறாள், காலில் கிடக்கும் இரும்பை விட அது கனம், இனி என் கையால் ஒருவருக்கும் உவர்த்தண்ணி கொடுக்கமாட்டேன் என்று மாதாவின் முன்னால் மெழுகுதிரி கொளுத்திச் சொன்னவள் அவள், அது தெரியாமல் போத்தலை நீட்டினான் சப்பாத்துக்காரன்.

திட்டமோ தன்பாட்டில் நடந்தது, நடந்தது என்றால் கூட்டம் நடந்தது, சனசமூக நிலையத்தில் மண்ணிறத் தாளை நீளத்துக்கு ஒட்டி, ஆளுக்கொரு வர்ண அட்டையைக் கொடுத்து, உங்கட கனவு நகரத்தை எழுதுங்கோ என்றார்கள், பக்கத்து வீட்டுப் பேபி தண்ணி என்று எழுதினாள், இவளும் தண்ணி என்று எழுதினாள், முப்பத்தேழு அட்டையில் தண்ணி என்று இருந்தது, கூட்டம் நடத்திய பெண் அவற்றை எல்லாம் அழகாக ஒரு வட்டத்தில் அடுக்கி, நடுவில் நம்பிக்கை என்று பெரிதாக எழுதிப் படம் எடுத்துக்கொண்டு போனாள், நம்பிக்கையைக் குடத்தில் மொண்டு குடிக்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. அடுத்த மாதம் கை கழுவும் பயிற்சி வந்தது, இருபது விநாடி தேய்க்கவேண்டுமாம், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, பயிற்சி கொடுக்க வந்தவர்கள் தண்ணீரைத் தாங்களே பவுசர் வண்டியில் கொண்டுவந்தார்கள், முடிந்ததும் மிச்சத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டுப் போனார்கள், ஆளுக்கொரு தொப்பியும் மிஞ்சியது, அதைப் பேபி கோழிக்கு அடைகாக்க வைத்தாள், அந்தத் திட்டத்தில் குஞ்சு பொரித்த ஒரே சாமான் அதுதான். பிறகு பெரிய தெருவில் நீலக்குழாய் வந்தது, நிலத்தைக் கிண்டிக்கொண்டு நாளுக்கு நாள் கிட்ட வந்தது, கண்ணாப்பத்தைச் சனம் ஒழுங்கை முகப்பில் நின்று கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்தது, முகப்புவரை வந்தது, நின்றது, அப்படியே மற்றப்பக்கம் திரும்பி, ஏற்கெனவே மாடிவீடும் மோட்டரும் உள்ள தெருவுக்குள் போய்விட்டது. முகப்பில் ஒரு பலகையில் பட்டியல் ஒட்டினார்கள், கண்ணாப்பத்தைக்கு நேரே, நிலத்தடி நீர் குடிக்க உகந்தது, இணைப்பு அவசியமில்லை என்று இருந்தது, அதற்குப் பதிலாக ஒழுங்கைக்கு ஒரு சூரிய விளக்கு, சேற்றை வெளிச்சத்தில் பார்க்கட்டும் என்று நினைத்தார்களாக்கும். பலகையின் முன்னால் நின்ற சனம் உவங்களுக்குக் கண் இல்லையோ, நாக்கு இல்லையோ என்று கத்தியது, நேசமலர் மட்டும் அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்தாள், அறுபத்திரண்டு வீட்டுத் தண்ணீரைத் தன் அலுமினியப் பானைக்குள் முக்கிக் கொன்றவள் தான்தான் என்று அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது, கொழும்பில் ஒருவரும் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, ஏதோ ஒரு மெஷின் பார்த்திருக்கிறது, மெஷினுக்கு முன்னால் மானம் காத்திருக்கிறாள்.

பேபியிடம்தான் முதலில் சொன்னாள், துணி தோய்க்கிற கல்லடியில், பேபி கையில் இருந்த பாவாடையை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள், உனக்கென்ன விசரே நேசம், அவனுக்குக் குடிக்கக் குடுத்தது சரி, போத்தலுக்கும் விருந்து வைச்சனியோ என்றாள், பிறகு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள், பிறகு மெல்லிய குரலில், நானெண்டாலும் அதைத்தான் செய்திருப்பன் போல கிடக்கு என்றாள், அந்தச் சொல்தான் நேசமலருக்கு அதிகம் சுட்டது, ஒழுங்கை முழுக்க இதே வருத்தம், இதே நோய் பிடித்துக் கிடக்கிறது, வாய்க்காலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வந்தவனிடம் குறை காட்டக் கூடாது என்ற வருத்தம், எங்கள் குறையை நாங்களே கழுவித் துடைத்து மூடிவைத்துவிட்டுப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை என்று அழுகிறோம், தூ.

இன்றைக்கு அவன் திரும்பவும் வந்திருக்கிறான், புதுச் சப்பாத்து, கையில் திருப்திப் படிவம் என்று ஒன்று, திட்டம் முடியப் போகுது அக்கா, உங்கட திருப்தியை ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்கோ என்கிறான், தண்ணி வரேல்லையே தம்பி என்கிறாள் இவள், அது பட்டியல் முடிஞ்சுதே அக்கா, கடைசிப் பக்கத்தில மறுபரிசோதனை எண்டு ஒரு கட்டம் இருக்கு, அதில நான் அடையாளம் போட்டால் திரும்ப எடுப்பினம், ஆனால் காரணம் வேணும், இண்டைக்குப் பின்னேரத்தோட படிவம் எல்லாம் கொழும்புக்குப் போகுது என்கிறான், சொல்லிவிட்டு வெயிலில் முகத்தைத் துடைக்கிறான், அக்கா கொஞ்சம் தண்ணி தாறீங்களே, உங்கட வீட்டுத் தண்ணியை நான் மறக்கேல்லை என்கிறான், அவள் உள்ளே போகிறாள், கிளாசைக் கழுவுகிறாள், கை பானை மூடியின் மேல் போய் உட்காருகிறது, பழகிய கை, மூடி பாதி திறக்கிறது, உள்ளே தெளிந்த தண்ணீரில் அவளுடைய முகம் கறுப்பாய் ஆடுகிறது, மணல் ஒட்டிய தாடி ஒன்றும் ஆடுகிறது, நல்ல தண்ணி நேசம், எங்கை பிடிச்சனீர், மாதாவே, மன்னியும் என்று சொல்லிக்கொண்டு மூடியை அடித்து மூடுகிறாள், பின்கதவால் இறங்குகிறாள், பதினைந்து எட்டு, வாய்க்காலைத் தாண்டுகிறாள், கயிறு இறங்குகிறது, வாளி நிறைந்து ஏறுகிறது, கிளாஸ் விளிம்புவரை நிறைகிறது, பார்வைக்கு அதுவும் தெளிந்த தண்ணீர்தான், முற்றத்துக்கு வந்து இரண்டு கையாலும் நீட்டுகிறாள், அவன் வாங்கி ஆசையாய்ச் சரிக்கிறான்.

தொண்டை முடிச்சு ஏறுகிறது, பாதியில் நிற்கிறது. கண் ஒரு கணம் விரிகிறது, துப்பப் போகிறான், துப்பட்டும், துப்படா என்று அவள் மனதுக்குள் கெஞ்சுகிறாள், ஆனால் அவனும் இந்த மண்ணில் ஒரு தாய் வளர்த்த பிள்ளைதான், ஒரு வீட்டு முற்றத்தில் நின்று அந்த வீட்டுத் தண்ணீரைத் துப்பத் தெரியாதவன், முடிச்சு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது, இறங்குகிறது, கண்ணில் நீர் முட்ட முழுக் கிளாசையும் குடித்து முடித்துவிட்டு அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கிறான், நல்ல தண்ணி அக்கா என்கிறான். பதினைந்து வருடம் அவளுடைய நெஞ்சுக்குள் கிடந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் தட்டி வெடித்தது, பொய் சொல்லாதேங்கோ என்று கத்தினாள், பேபி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள், பொய் சொல்லாதேங்கோ தம்பி, செத்துக்கொண்டிருந்த மனிசன் சொன்ன பொய் அது, அவர் சொல்லலாம், நீங்கள் சொல்லேலாது, உங்களுக்கு உள்ளதைச் சொல்லத்தான் சம்பளம், இதுதான் எங்கட கிணறு, அண்டைக்கு நான் போத்தலில தந்தது இரண்டரை மைலுக்கு அங்காலை எடுத்த தண்ணி, நான் செய்தது பிழை, கிணத்தடிக்கு வந்து பார்க்காதது உங்கட பிழை, ரெண்டையும் எழுதுங்கோ என்றாள். அவன் வாயைத் துடைத்தான், அவனுடைய காது சிவந்திருந்தது, படிவத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தான், காரணம் என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு, என்னெண்டு அக்கா எழுதுறது, மேலிடம் கேட்குமே என்று முனகினான். நேசமலர் அவனுடைய கையில் இருந்த கிளாசை வாங்கினாள், கிணற்றடிக்குப் போய் மறுபடி விளிம்புவரை நிறைத்துக்கொண்டு வந்தாள், முழங்கால் கொறித்தது, நின்று ஆறவில்லை, இந்தாங்கோ, இன்னும் ஒண்டு குடியுங்கோ, என்ன எழுதுறதெண்டு விளங்கும் என்றாள். அவன் கிளாசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இந்தமுறை சிரிக்கவில்லை, ஒரு மிடறு வாயில் எடுத்தான், தொண்டை முடிச்சு அசையவில்லை, குனிந்து அவளுடைய முற்றத்து மண்ணில் துப்பினான், துப்பிவிட்டு எழுதத் தொடங்கினான், அவன் எழுதி முடிக்கும்வரை அவள் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.