கயிற்றில் ஓடிய லேத்து

என் தையல் அறையில் பாதியை இரும்பு கடையும் லேத்து ஒன்று விழுங்கியிருந்தது. மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கி வந்தது. இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, அது த்ரீ பேஸில் ஓடுவது. எங்கள் வீட்டுக்கு வருவதோ சிங்கிள் பேஸ். வந்த கோபத்தில் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் அண்ணன் வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போவார் என்று பேச்சு. எனக்கு என் அறை வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் அசரவில்லை. பழைய த்ரீ பேஸ் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து லேத்துக்குப் பக்கத்தில் பூட்டினார்.

"வீட்டு கரண்ட்ல இது தானா கிளம்பாது. கயிறு சுத்தி இழுத்துவிட்டு சுவிட்சப் போடணும். அப்புறம் அதுவே ஓடும், லேத்துக்கு வேண்டிய மூணாவது பேஸையும் அதுவே குடுக்கும்."

"உங்கள மாதிரிதான். யாராவது தள்ளிவிடணும்," என்றேன்.

திங்களன்று அவரே இழுத்தார். லேத்து ஓடியது, இரும்பு சுருள் சுருளாக வந்தது. அதை எனக்குக் காட்ட ஓடிவந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் செவ்வாய்க்கிழமை நான் இழுத்தேன். லேத்து பின்பக்கமாகச் சுற்றியது. உளி இரும்பை வெட்டாமல் தடவிக் கொடுத்தது.

"ஒயர் மாறிப்போச்சு," என்று இரண்டு ஒயரை மாற்றினார். சரியானது. புதனன்று முதுகு தேறி அவர் இழுத்தால் மறுபடி பின்பக்கம்! ஒயரை மாற்றினார். வியாழன் நான், வெள்ளி அவர், இரண்டு நாளும் அதே கூத்து. சனிக்கிழமை அதன் முன்னால் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஞாயிறு அண்ணன் வந்தார். "என்ன மாப்பிள்ள, கயிறு கட்டி இழுக்கிறீங்க, இதென்ன தேரா?"

வீட்டுக்காரருக்கு முதுகு மறுபடி பிடித்திருந்ததால் நான்தான் இழுத்தேன். பின்பக்கமே சுற்றியது. அண்ணன் சிரித்துக்கொண்டே போல்ட்டைக் கழற்ற உட்கார்ந்தார்.

லேத்தைக் கட்டி ஏற்றக் கயிறு வெட்ட வேண்டும். வீட்டுக்காரர் என் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிப் பார்த்தார், அது கயிற்றை மென்றது. "எப்பவும் போல மொட்ட," என்றார். பதினெட்டு வருஷமாக என் கத்தரிக்கோலுக்கு அவர் வைத்த பெயர் அது. வெடுக்கென்று பிடுங்கி ஒரே வெட்டில் நறுக்கினேன்.

நறுக்கிய கையைப் பார்த்தேன். இடது கை. மோட்டாரில் கயிறு சுற்றுவதும் இதே கைதான், அவர் சுற்றுவதற்கு நேர் எதிராக. இழுத்த பக்கம் மோட்டார் ஓடுகிறது, மோட்டார் ஓடும் பக்கம் லேத்து ஓடுகிறது!

வாயை மூடிக்கொண்டிருந்தால் அரை மணி நேரத்தில் அறை எனக்கு. அவர் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், வழியனுப்பத் துடைப்பதுபோல.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்து. என்னங்க, முதுகு வலிச்சாலும் பரவால்ல, ஒரே ஒரு தடவ நீங்க சுத்தி இழுங்க."

முனகிக்கொண்டே இழுத்தார். லேத்து முன்பக்கமாக ஓடியது. சுருள் வந்தது. அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

வீட்டுக்காரர் லேத்தைப் பார்க்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்திருந்த என் கையையே பார்த்தார்.

"நீ இடது கைக்காரியா?"

"அதுகூடத் தெரியாதா மாப்பிள்ள?" என்றார் அண்ணன்.

இடது கைக்கென்றே செய்த அந்தக் கத்தரிக்கோலை அவருடைய இடது கையில் வைத்து, ஒரு துண்டுத் துணியை நீட்டினேன். தடுமாறிக்கொண்டே வெட்டினார். சுத்தமாக வெட்டியது.