சௌந்தரத்தின் குரல்

ஜோதி மேரிக்கு முதலில் கிடைத்த வேஷத்துக்குப் பெயரே இல்லை. வசனத் தாளில் 'தாய்' என்று மட்டும்தான் இருந்தது.

2005 கோடை விடுமுறை அது. சுனாமியில் வீடு இழந்தவர்கள் கடற்கரையோரம் தற்காலிகக் கொட்டகைகளில் வெந்துகொண்டிருந்தார்கள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த செம்பியன், தன் நாடகக் குழுவை வேனில் ஏற்றிக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போய் நாடகம் போட்டார். ஜோதி மேரி கடலூரின் பழைய நகரமான ஓ.டி.யில் நர்சரி பள்ளி டீச்சர். பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் அவள் மாதாவாக அழுததைப் பார்த்துவிட்டுத்தான் செம்பியன் கூப்பிட்டிருந்தார். அவள் கணவன் மரிய ஜோசப்புக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் மகனையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் அவள் வேனிலேயே கூட்டிப் போனாள்.

நாடகத்தில் அந்தத் தாய் கடலைப் பார்த்துக் கைகளை விரித்து ஓலமிடுவாள். அப்புறம் ஒருவர் வந்து தைரியம் சொல்வார். ஜனங்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஓரிடத்தில் அவள் ஓலமிட்டபோது முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது வேனில் அவள் கேட்டாள்.

"சார், இந்தத் தாய் யாரு சார்? என்னா வயசு? அலை வந்தப்ப என்னா பண்ணிகிட்டு இருந்தா?"

"அவ பொதுவான தாய், ஜோதி. எல்லாருக்குமானவ."

"எல்லாருக்கும்னு வச்சா யாருக்கும் இல்லாம போயிடுறா சார். அதான் சிரிக்கிறாங்க."

செம்பியனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் நியாயமானவர். "சரி, அவ யாருன்னு நீயே சொல்லு" என்றார்.

அன்று வீட்டில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போகும்போது அவளுக்கு அது தோன்றியது. இப்போது கழுத்துவரை தண்ணீர் வந்தால்? இடுப்பில் இருப்பது நழுவினால்? எந்தக் கையை விடுவாள் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஓடத் தெரிந்த பிள்ளையைத்தான் விடுவாள். கொஞ்சமாவது யோசித்திருக்கலாமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் ஒன்றும் புரியாமல் திமிறினான்.

அந்த அருவருப்பை அவள் அப்படியே நாடகத்துக்குள் கொண்டுபோனாள். தாய்க்கு சௌந்தரம் என்று பெயர் வைத்தாள். கருவாடு விற்பவள். குழுவில் ஆண் நடிகர்கள் குறைவு என்பதால் அவளை விதவையாக்கினாள். சௌந்தரம் அழமாட்டாள். இடுப்புக் குழந்தை நழுவுகிறதே என்று பையனின் கையை விட்டுவிட்டவள் அவள். பிழைத்த குழந்தையைப் பிறகு அவளால் தொட முடியாது. அது "அம்மா" என்றால், "என்னக் கூப்புடாத" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் முதல் தடவை அதை நடித்தபோது யாரும் கை தட்டவில்லை. முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி, மாமியாரைத் தூக்க முடியாமல் விட்டுவிட்டு ஓடியதைச் சொன்னாள். அதன்பின் போன இடமெல்லாம் "சௌந்தரம் எந்த ஊரு? இப்ப எப்புடி இருக்கா?" என்றுதான் விசாரித்தார்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு அம்மாள் சௌந்தரத்தின் குழந்தைக்கென்று கவுன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். அப்படி ஒரு குழந்தை இல்லை என்று சொல்ல ஜோதி மேரிக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டாள்.

பள்ளி திறந்த பிறகு ஒரு மத்தியானம், பள்ளிக்கூட வாசலில் மீன்கூடையோடு ஒரு பெண் நின்றாள். அவளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம்.

"நீதான சௌந்தரமா வந்தவ?"

"ஆமாக்கா. உள்ள வாங்க."

"உள்ளல்லாம் வாணாம். யாரு சொன்னா ஒனக்கு?"

"என்னத்தக்கா?"

"நான் கைய வுட்டத. அத யாரு பாத்தா?"

ஜோதி மேரி படியிறங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "யாரும் சொல்லலக்கா. அது நானா நெனச்சிப் பாத்தது. எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

"நெனச்சா இப்படி வருமா? 'என்னக் கூப்புடாத'ன்னு நான் எம் பொண்ணுகிட்ட சொன்னது கதவச் சாத்திகினு. அது எப்புடி ஒன் வாயில வந்துச்சி?"

அவள் பெயர் ராஜாமணி. தங்கையைப் பார்க்கப் போன இடத்தில் நாடகத்தைப் பார்த்திருக்கிறாள். அலை வந்த காலையில் அவள் கணவன் காத்தவராயன் கடலில் இருந்தான். பையனை அலை பறித்துக்கொண்டது என்றுதான் அவனுக்கும் ஊருக்கும் அவள் சொல்லியிருந்தாள்.

பேச ஆரம்பித்ததும் அவளால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் எச்சில் விழுங்கி, "ஆங்" என்று தனக்குத்தானே ஒப்புதல் சொல்லிக்கொண்டாள். செத்துப்போன பையனை இருக்கிறவனாகவே பேசினாள். "அவன் கஞ்சி குடிக்கமாட்டான். சுடுசோறுதான் கேப்பான். ஆங்."

கிளம்பும்போது சொன்னாள்: "எங்க ஊருக்கு இத எடுத்தாராத, டீச்சர். அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

"வரமாட்டேன்க்கா. கதையவே மாத்திடறேன்."

சொன்னபடி மாற்றினாள். சௌந்தரத்துக்கு இரண்டும் பெண் பிள்ளைகள் என்றாக்கினாள். ஊரை நாகப்பட்டினம் பக்கம் தள்ளினாள். ராஜாமணியின் ஊருக்கு வேன் போகாமல் பார்த்துக்கொண்டாள். செம்பியன் காரணம் கேட்டபோது, "ஒருத்தங்களுக்குக் கஷ்டமாயிருக்கும் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் அடுத்த தடவை நடித்தபோது, வசனத்தின் நடுவே அவள் எச்சில் விழுங்கினாள். "ஆங்" என்றாள். அது தாளில் இல்லை. போன பிள்ளையை இருக்கிற பிள்ளையாகப் பேசினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை சௌந்தரம் பாதி ஆளாக இருந்தாள், இப்போதுதான் முழுசாக எழுந்து நின்றாள் என்பது ஜோதி மேரிக்கே தெரிந்தது. இது யாருடைய தொண்டை என்பதும் தெரிந்தது. ஒரு சின்னச் சத்தத்தில் யார் என்ன கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அதைக் கைவிட அவளுக்கு மனசு வரவில்லை.

2007இல் அந்த நாடகத்தை வானொலிக்குக் கேட்டார்கள். புதுச்சேரியில் ஒலிப்பதிவு. முகமும் கையும் இங்கே உதவாது, எல்லாவற்றையும் குரலில் கொண்டுவர வேண்டும். செம்பியன் பின்னணிக்கு அலைச் சத்தம் கொண்டுவந்திருந்தார். வேண்டாம் என்று அவள் எடுக்கச் சொன்னாள். மைக்குக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோலச் சன்னமாகப் பேசினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்துகொண்டிருந்தவர் முடிந்த பிறகும் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு ஞாயிறு மதியம் அது ஒலிபரப்பானது. அடுத்த சில நாட்களில் ஒரு மாலை, ஓ.டி.யில் அவர்கள் வீட்டு வாசலில் உயரமான ஒரு ஆள் வந்து நின்றான். மரிய ஜோசப் கதவைத் திறந்தான்.

"ரேடியோவுல சௌந்தரமா பேசுன டீச்சர் ஊடு இதானா? எம் பேரு காத்தவராயன்."

பெயரைக் கேட்டதும் ஜோதி மேரி உள்ளேயிருந்து எழுந்து வந்தாள். அவன் உள்ளே வரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.

"கொஞ்சம் பேசுங்க டீச்சரம்மா. கேக்கறேன்."

"என்னாண்ணே பேசறது?"

"இந்தக் கொரலு இல்ல." அவன் தலையை ஆட்டினான். "ரேடியோவுல பேசுனது எம் பொண்டாட்டி. வல பின்னிகினு இருந்தோம். கூட இருந்தவனுங்களுக்கு ஒண்ணும் தெரியல. எனக்குக் கை ஓடல. அவள ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

மரிய ஜோசப் குறுக்கே வந்தான். "அது கதைங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கதை."

"அப்புடித்தான் சொன்னாங்க. அந்தப் பொண்ணு பேரச் சொன்னப்பல்லாம் எனக்கு எம் பையன் பேருதான் கேட்டுது." அவன் மறுபடி அவளைப் பார்த்தான். "அந்தச் சௌந்தரத்துக்குப் புருசன் இல்லியா?"

"இல்லண்ணே. அவரு முன்னியே செத்துட்டாரு."

"ஏன் சாவடிச்சீங்க?"

குழுவில் நடிக்க ஆண்கள் போதவில்லை என்று எப்படிச் சொல்வாள்? அவள் நிலைப்படியைப் பார்த்தாள்.

"அவன் உயிரோட இருந்து, இது அவனுக்குத் தெரிஞ்சா, என்னா பண்ணுவான்? அத எழுதியிருந்தா நான் கேட்டுகினு போயிருப்பேன்."

கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தான். தெரு விளக்கு எரிய ஆரம்பித்தது. "தெரியலண்ணே" என்றாள் அவள். அவன் சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்திய பிறகு மரிய ஜோசப் கேட்டான். "யாரு அந்தப் பொம்பள?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயா நெனச்சது தப்பு இல்ல, ஜோதி. அவ தொண்டைய எடுத்துகிட்டு வந்தியே, அதான்" என்றான்.

மறுநாள் செம்பியனிடம் இனி சௌந்தரமாக வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவருக்குக் கோபம் வந்தது. "எத்தனை பொம்பளைங்க இந்த நாடகத்தப் பாத்து வாயத் தொறந்திருக்காங்க? ஒரு ஊட்டுக்காக அத நிறுத்தறதா?" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

வீட்டில் உட்கார்ந்து புருஷன் வேஷத்தை எழுதிப் பார்த்தாள். அவன் மன்னித்தால் பொம்மையாக இருந்தான். அடித்தால் அதுவும் பொம்மையாக இருந்தது. சொம்போடு நின்ற அந்த ஆளின் பக்கத்தில்கூட எதுவும் வரவில்லை. ராஜாமணியின் ஊருக்குப் போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லை.

சுனாமியின் ஐந்தாம் வருஷ நினைவுக்கு ஒரு தொலைக்காட்சி சௌந்தரத்தின் கதையைப் படமாக எடுத்தது. செம்பியன்தான் கொடுத்திருந்தார். சென்னையிலிருந்து வந்த நடிகைக்குக் கசங்காத புடவை. கையை விடுவது பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது என்று, அலையே குழந்தையை இழுத்துக்கொண்டு போவதாக மாற்றியிருந்தார்கள். நடிகை மணலில் புரண்டு அழுதாள். ஜோதி மேரி பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் ராஜாமணி மறுபடி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். ஜோதி மேரி ஏச்சுக்குத் தயாராக நின்றாள்.

"டிவில பாத்தோம், டீச்சர். ஊரே ஒண்ணா ஒக்காந்து பாத்துது. அவரும் பாத்தாரு. நல்லா எடுத்திருக்காங்க."

"அதா, அக்கா?"

"அந்தப் பொண்ணு என்னாமா அழுவுது! நானும் அழுதேன். அன்னிலேருந்து எனக்கு அழுகையே வந்தது இல்ல. அன்னிக்கித்தான் வந்துச்சி. ஆங்."

அது பொய்க்கா, அதில் நீங்கள் இல்லை என்று சொல்ல ஜோதி மேரிக்கு நாக்கு துடித்தது. தான் உயிர் கொடுத்த சௌந்தரம் இவள் வீட்டை உடைத்தாள், உயிரில்லாத ஒருத்தி டிவியில் வந்து இவளை அழ வைத்துவிட்டாள். அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"அண்ணன் ஒங்களக் கேட்டாராக்கா?"

"ரேடியோ கேட்ட அன்னிக்கே கேட்டாரு. சொல்லிட்டேன்."

"என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சோறு போடச் சொன்னாரு. துன்னாரு. குடிக்கல, அடிக்கல. இன்னிவரைக்கும் ஒரு வார்த்த கேக்கல." ராஜாமணி கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். "ரோட்டுல போறப்ப மட்டும் பொண்ணு கைய எங்கிட்ட குடுக்கமாட்டாரு. அவருதான் புடிச்சுக்குவாரு. ஸ்கூலுக்கும் அவருதான் உடறாரு. நான் பின்னாலியே போவேன்."

"நீங்க கேக்கலியாக்கா?"

"என்னான்னு கேப்பேன்?"

உள்ளே மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வெளியே வர ஆரம்பித்தார்கள். ராஜாமணி அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். பிறகு, "வர்றேன், டீச்சர். ஒம் மேல வருத்தம்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு ஹார்பர் பக்கம் நடந்தாள். வருத்தம் இல்லை என்றது உண்மையா என்று ஜோதி மேரிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

'தானே' புயலுக்குப் பிறகு, 2012 தொடக்கத்தில் செம்பியன் மறுபடி கூப்பிட்டார். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. "நடிக்க வேணாம், ஜோதி. சும்மா வந்து பாரு" என்றார். அவள் போனாள்.

சாய்ந்த பலா மரம் ஒன்றின் மேல் சுப்புராயன் என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் வணக்கம் சொன்னதும் பக்கத்தில் இடம் காட்டினார்.

"ஒக்காரும்மா. புயலு அன்னிக்கி நான் ஒரு காரியம் பண்ணேன். எம் பொண்டாட்டிக்கிகூட தெரியாது."

ஜோதி மேரி நின்றுகொண்டே இருந்தாள். "ஐயா, நான் நாடகம் போடறவ. எங்கிட்ட சொல்லாதீங்க. நான் கேட்டா அது எங்கியாவது வெளிய வந்துடும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வரட்டுமே" என்றார். துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.