துறைமுக ஓவியத்தில் ஓர் ஆள்

1

இந்தக் கதை ஓர் அழுக்கிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

அருங்காட்சியகத்தில் ஒரு துறைமுக ஓவியம். இம்ப்ரெஷனிச பாணி. கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். தள்ளி நின்றால் புகை, கிரேன், சரக்குக் கப்பல், மூட்டை சுமக்கும் முதுகுகள். தண்ணீரோரம், எல்லாரையும் விட்டுத் தனியாக, பழுப்பு நிறத்தில் ஓர் ஆள்.

"வேலை முடிந்த களைப்பில் அவர் கடலை…" என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அங்குள்ள வழிகாட்டிகள் விடும் கதையும் அதுவேதான்.

2

சரி, மறுபடியும்.

ஓர் அக்கா, ஒரு தங்கை. அக்கா பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவள். தங்கையின் கணவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. அன்று ஆள் குறைகிறது என்று மேஸ்திரி வாய்வார்த்தையாகக் கூப்பிட்டுப் போனவர். பதிவேட்டில் பெயர் இல்லை என்று துறைமுக அலுவலகம் தங்கையிடம் கைவிரித்துவிட்டது:

"அந்த இடத்துல யாருமே நிக்கலம்மா."

அதற்குப் பிறகுதான் தங்கை இந்த ஓவியத்தைப் பார்க்க வரத் தொடங்கினாள். கணவர் பிறப்பதற்கு முன்பே வரைந்தது என்று அவளுக்கும் தெரியும், அவளொன்றும் பேதையில்லை. அந்த இடத்தில் ஓர் ஆள் நிற்கலாம் என்று யாரோ ஒருவராவது ஒப்புக்கொண்டாரே, அது போதும் அவளுக்கு.

(தங்கை பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களை ஓவியத்துக்கு முன் நிறுத்துவது எழுத்தாளர்களின் கெட்ட பழக்கம். துரத்திப் பார்த்தேன், போகமாட்டேன் என்கிறாள்.)

3

அந்த ஓவியம் அக்காவிடமே சுத்தத்துக்கு வந்தது. சோதித்துப் பார்க்காமலே அக்கா தங்கையிடம் வாயை விட்டுவிட்டாள்.

"மேல இருக்கிற அழுக்கு போனா அவரு இன்னும் நல்லாத் தெரிவாரு. வெள்ளிக்கிழமை வா, நீயே பாரு."

"மூஞ்சி தெரியுமாக்கா?"

"மூஞ்சி வரைக்கும் சொல்ல முடியாது. நிக்கிறது தெளிவாத் தெரியும்."

இந்தத் தொழிலில் எச்சிலால் துடைப்பது உண்டு.* குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, அந்த ஆளின் தோளோரம் மெல்ல உருட்டினாள். பஞ்சு பழுப்பானது. தோளைக் காணோம். அடியில் சாம்பல் நீலத் தண்ணீர். ஓவியர் அங்கே யாரையும் வரையவே இல்லை. எப்போதோ படிந்த கரி ஆளாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

* நம்பாதவர்கள் விசாரித்துக்கொள்ளலாம். இந்தக் கதையில் நான் புனையாத ஒரே விஷயம் இது. அதுதான் எனக்குக் குமட்டுகிறது.

4

முடிவுகள்.

(அ) முழுவதையும் துடைக்கிறாள். தொழில் தர்மம். தங்கை கணவரை அலுவலகம் ஒரு முறை துடைத்தது போதாதென்று இவளும் எச்சில் தொட்டு…

(ஆ) அப்படியே விடுகிறாள். தோளில்லாத ஆள். மேலதிகாரி வந்து, "என்னங்க, ஒரு கறைய விட்டுட்டீங்க?" என்பார். வேறு யாராவது துடைப்பார்கள்.

(இ) துடைத்துவிட்டு, அதே இடத்தில் தானே ஓர் ஆளை வரைந்துவிடுகிறாள். எனக்கு இது பிடித்திருந்தது, எழுதியும் விட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். இல்லாத ஆளைக் காட்டி ஆறுதல் சொல்வது நான் பிழைக்கிற பிழைப்பு. அதை ஏன் அவள் தலையில் கட்ட வேண்டும்?

5

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தங்கை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, தலைவாரி, இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு வந்து கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

"அக்கா, உள்ள வரலாமா? தெரியுறாரா?"

அக்கா என்னைப் பார்க்கிறாள். நான் என்ன செய்வேன்? 'அங்கே யாரும் இல்லை' என்று தங்கைக்குச் சொல்ல ஏற்கெனவே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதே வாக்கியத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. 'இருக்கிறார்' என்று எழுதினால் அவள் உள்ளே வந்து பார்ப்பாள்.

இவ்வளவு நேரம் சும்மா வேடிக்கை பார்த்தீர்களே, நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். என்ன சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.