அதே ஆயில்

பந்தலின் நான்காவது கம்பை ஊன்ற விடாமல் அப்பாவின் கார் குறுக்கே நின்றது. வளவன் ஏறி உட்கார்ந்து, ரிவர்ஸ் போட்டு, சுவரோரமாகப் பின்னுக்கு எடுத்தான். உள்ளே கூடத்தில், ஐஸ் பெட்டியில் அப்பா அருணகிரி கிடந்தார். கலெக்டர் ஆபீசில் முப்பது வருஷம் ஜீப் ஓட்டியவர். காலையில் பால் வாங்கக் கிளம்பியவர், செருப்பை மாட்டும்போதே சரிந்துவிட்டார்.

மாலையோடு வந்த கோபி கார்க் கதவருகே நின்றான். வளவனோடு தொழில் கற்றவன். வளவனுக்கு வேங்கிக்காலில் ஒர்க்‌ஷாப், கோபிக்குச் செங்கம் ரோட்டில்.

"கியர் நல்லா விழுதா? வியாழக்கிழமைதான் ஆயில் மாத்திக் குடுத்தேன்."

"கியர் பாக்ஸ் ஆயிலா? அத நான் புதன்கிழமையே மாத்துனேனே."

கோபி மாலையைக் கை மாற்றிக்கொண்டான்.

"உனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. நீ மாத்துனா மறுநாளே உங்கப்பா எங்கிட்ட வந்துடுவாரு. இதோட அஞ்சு வாட்டி."

வளவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கடை போட்ட புதிதில் ஒரே ஒரு முறை தவறு செய்திருந்தான். லாரிக்கு ஊற்றும் கெட்டி ஆயிலை இந்தக் காரில் ஊற்றிவிட்டான். கியர் கரகரத்துக்கொண்டே ஓடி, கியர் பாக்ஸைப் பிரித்தபோது உள்ளே பித்தளை வளையங்கள் தேய்ந்து கிடந்தன. அப்பா தோளில் தட்டி, "விடுறா, கை பழகணும்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பன்னிரண்டு வருஷமாகக் கடையைத் திறந்தான். அதற்குப் பிறகு, டப்பாவில் ஆயிலின் தரம் எழுபத்தைந்து எண்பது என்று இருப்பதை இரண்டு தரம் படிக்காமல் அவன் மூடியைத் திருகியதில்லை.

"நான் ஊத்துனது தப்பா இருந்துச்சா?"

"இல்லடா. எழுபத்தஞ்சு எம்பதுதான். நானும் அதேதான் ஊத்துனேன். உங்க புள்ள கரெக்டாத்தான் ஊத்திக்கீறான், புது ஆயிலு, வேஸ்ட்டாப் போவுதுன்னு சொன்னேன். 'இருக்கட்டும், நீ மாத்திடு'ன்னாரு."

வளவன் கூடத்துக்குப் போனான். அம்மா ராணியம்மாள் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோபிகிட்ட அப்பா வண்டி உட்டது உனக்குத் தெரியுமா?"

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "உன் மனசு நோவும்னுதான் சொல்லல."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல எங்கிட்ட."

"இப்ப எதுக்குடா அதெல்லாம்."

பெட்டிக்குள் அப்பாவின் முகம் சாந்தமாக இருந்தது. யாரோ வந்து கொள்ளிச்சட்டி தயார் என்றார்கள். வளவன் சட்டையைக் கழற்றினான். சொன்ன இடத்தில் குனிந்தான், சொன்னபோது சுற்றினான். சுடுகாட்டில் கடைசியாக முகம் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டபோது எல்லாரும் முன்னால் வந்தார்கள். அவன் இடுப்பு வேட்டியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எல்லம்மாள் அத்தை ஊருக்குப் போய் மாடு கறக்க வேண்டும்.

"அத்தைய அடி அண்ணாமலையில உட்டுட்டு வாடா" என்றாள் அம்மா. "அப்பா வண்டியிலயே போ."

வளவன் சாவியை எடுத்துக் கோபியிடம் நீட்டினான்.

"நீ ஓட்டு."

கோபி சாவியை வாங்கிக்கொண்டான். அத்தை பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள். "நீ வரலையா, கண்ணு?"

வளவன் ஈர வேட்டியோடு போய், கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.