வெட்டாத வீடியோ

நின்னுக்கினு ஓட்டுற தண்ணி பைக்கை, அதான் ஜெட் ஸ்கியை, பார்த்து ஆரணிக்காரங்க சிரிச்சதில் தப்பே இல்லை. கடல் இருக்கிற ஊரா இது? அந்த வண்டியை ஏரியிலிருந்து எகிறவிட்டு, ஆகாசத்தில் பின்பக்கமா ஒரு குட்டிக்கரணம் அடிச்சு, நின்ன கால் நின்னபடி தண்ணியில் இறங்கணும். அதை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோ எடுத்து இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்பினால்தான் கோபிநாத் போட்டிக்குப் போக முடியும். தேய்ஞ்சுபோன முட்டி அடுத்த வருஷம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.

சனியன் பிடிச்ச புயல் வேற. கடற்கரைப் பக்கமே யாரையும் விடலை. இங்கேயும், மழைக்கு முன்னாடி ஏரியைக் குறைக்கணும்னு நேத்தே மதகைத் திறந்துட்டாங்க. கழுத்தளவு தண்ணி மார்பளவுக்கு வந்துடுச்சு. இன்னும் குறைஞ்சால் வண்டியோட மூக்கு சேத்தில் குத்தும், கூடவே இவன் தலையும்.

கடலில் அலை வரும், அதில் ஏறி எகிறலாம். ஏரியில் அலைக்கு எங்கே போறது? வட்டமடிச்சு அலையைத் தானே கிளப்பி, அது அடங்குறதுக்குள்ளே திரும்பிவந்து அதன்மேல் ஏறணும். ஏறினபோதெல்லாம் மல்லாக்க விழுந்தான். ஒரு தரம் ஏறும்போது பாதியிலேயே இன்ஜின் செத்தது. எவனோ ஏரியில் கொட்டின தறிக் கழிவு நூல், தண்ணியை உறிஞ்சித் தள்ளுற விசிறியில் சுத்திக்கிச்சு. ஹேண்டில் மோவாயைப் பேத்தது. ரத்தத்தோட முங்கினவன் எழுந்துவர நேரமாச்சு.

கரையில் போனைப் பிடிச்சுக்கினு நின்ன பெண்டாட்டி கீதாவுக்கு உசுரே போயிடுச்சு.

"போதுங்க, வந்துடுங்க."

"இன்னும் ஒரு தரம். நீ எடு," என்றான், கத்தியால் நூலை அறுத்துக்கினே.

கிளப்பினான், திரும்பினான், ஏறினான். வானம் காலடிக்குப் போய், மறுபடி தலைக்குமேல் வந்தது. ரெண்டு காலும் வண்டியில் இருந்தது. இறங்கிட்டான். கரைக்கு வரும்போதே வண்டியின் அடி சேத்தில் தேய்ஞ்சது. இனிமே இந்த ஏரியில் ஓட்ட முடியாது.

கீதா கண்ணை இறுக்க மூடிக்கினு நின்னுக்கினு இருந்தாள். போனை வாங்கிப் பார்த்தான். வீடியோ முழுக்கக் கரைமண்ணும் அவள் செருப்பும்தான். இன்ஜின் அலறுது, சட்டுனு அமைதியாகுது, தொப்புனு ஒரு சத்தம். நடுவில் அவள் குரல்.

"எதுவும் வேணாம் தாயே, ஆளை மட்டும் குடுத்துடு."

கீதா கேட்டதைக் கேட்டபடியே அம்மன் தாயி குடுத்துட்டா. கோபிநாத் சேத்திலேயே உட்கார்ந்து அழுதான். கீதா பக்கத்தில் குந்தி, முந்தானையை அவன் மோவாயில் வச்சு அழுத்தினாள்.