பல் சந்தில் ஒரு சீட்டி

கத்தரிக்கோல் கையருகிலேயே கிடந்தாலும் தையல்காரிக்கு நூலைப் பல்லால் கடித்தால்தான் நிம்மதி. அன்று வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் தைத்து, வழக்கம்போல் நூலைக் கடித்தாள். துணியில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. முன்பல்லும் லேசாக அசைந்தது.

ஈறில் ரத்தம் கசிவது அவளுக்குப் புதிதில்லை. கசிகிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மட்டும் பல் தேய்த்துக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடாமல் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் குடும்பத்துப் பல்லுக்கு இதுதான் கதி என்று என்றைக்கோ முடிவு கட்டியாயிற்று. கடையில் கூடவே துணி வெட்டுகிற அண்ணனும் ஒரு பக்கமாகவே மெல்லத் தொடங்கி ரொம்ப நாளாகிறது. கேட்டால் ஸ்டைல் என்பான். அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு என்னதான் நினைப்பார்கள்!

அப்பா பஸ் டிரைவர். வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே முன்பல் சந்து வழியாக ஒரு சீட்டி அடிப்பார். நீளமாக ஆரம்பித்து, கடைசியில் ஒரு சுண்டு சுண்டி மேலே ஏறும். அவ்வளவுதான், அண்ணனும் அவளும் புத்தகத்தைப் போட்டது போட்டபடி, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார்கள். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். அவளும் சீட்டி அடித்துப் பார்ப்பாள். வெறும் காற்றுதான் வரும். "உன் பல்லு ரொம்ப நெருக்கம் கண்ணு. காத்து போக வழியே இல்லையே" என்று அப்பா சிரிப்பார்.

பிறகு அப்பாவுக்கு ஈறு வீங்கியது. ஒரே ஒரு முறை பல் டாக்டரிடம் போய்ச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். வீக்கம் வற்றியது. ஆனால் நெருக்கமாக இருந்த பற்களுக்கு நடுவிலும் சந்து தெரிந்தது. "சுத்தம் பண்றேன்னு சொல்லி நல்ல பல்ல ஆட்டி விட்டுட்டான்!" என்று ஊரையே கூட்டினார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, பல் செட்டு வந்தது. அதை மாட்டிக்கொண்டு சீட்டி அடித்தார், வரவில்லை. கழற்றி வைத்துவிட்டு அடித்தார், அப்போதும் வரவில்லை. அன்றிலிருந்து அப்பா கதவைத் தட்டித்தான் வீட்டுக்குள் வந்தார். அந்தத் தட்டல் சத்தத்தை அவளால் தாங்கவே முடியவில்லை.

சட்டையில் விழுந்த பொட்டைக் கசக்கிக் கழுவியவள், அண்ணனிடம் சொல்லாமல் பல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். "ஈறு பல்ல விட்டுப் பிரிஞ்சு பை மாதிரி ஆயிருக்கு. உள்ள வேர்ல எல்லாம் கல்லு மாதிரி காரை படிஞ்சிருக்கு. பிரஷ் அங்க போகாது, நாங்கதான் எடுக்கணும்" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, மேல் வரிசையை மட்டும் முடித்து அனுப்பினார். கீழ் வரிசைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

ரத்தம் நின்றது. ஆனால் ஒருநாள் காலை கண்ணாடி பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு முன்பல்லுக்கும் நடுவில் சந்து! அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அப்பா அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டாரே!" என்றான் அண்ணன். "இனிமே அங்க போகாத. மிச்சப் பல்லாவது தங்கட்டும்."

அவள் போனாள். சண்டை போடத்தான் போனாள்.

டாக்டரம்மா அசரவில்லை. அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். "இந்தச் சந்து இப்ப வந்ததில்லக்கா. வீங்கின ஈறும் காரையும் இத்தனை நாள் அடைச்சு மறைச்சிருந்துச்சு. உள்ள பல்லத் தாங்குற எலும்பு கொஞ்சம் கரைஞ்சிருக்கு, அது திரும்ப வராது. ஆனா மேல கரையாம நிறுத்தலாம், பல்லையும் காப்பாத்தலாம். வீக்கம் வத்தி, ஈறு ஆற ஆரம்பிச்சதாலதான் சந்து தெரியுது. நிறைய பேர் இங்கதான் பயந்து விட்டுடறாங்க."

வரிசை கட்டி வைத்திருந்த வசவை விட்டுவிட்டு, கண்ணாடியில் அந்தச் சந்தைப் பார்த்தாள். அப்பாவும் இங்கேதான் விட்டார். ஆறத் தொடங்கிய நேரத்தில் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டார். "எங்கப்பாகிட்ட இத யாரும் சொல்லலையே டாக்டர்" என்னும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, தானாகவே நாற்காலியில் சாய்ந்தாள். "கீழ் வரிசையும் பாத்துடுங்க."

உதடு மரத்துக் கிடந்ததால் பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மரப்பு விட்டு அவள் கடைத் தெரு முனைக்கு வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அப்பா உயிரோடிருந்தபோது வேலை முடிந்து வருகிற வேளை. நாக்கு தன் பாட்டுக்கு அந்தச் சந்தைத் தேடிப் போனது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஊதினாள். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினாள். நீளமாக ஆரம்பித்து, கடைசியில் ஒரு சுண்டு சுண்டி மேலே ஏறியது.

கடைக்குள்ளிருந்து அண்ணன் ஓடி வந்தான். தோளில் அளவு நாடா தொங்கியது, காலில் செருப்பில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தேடிவிட்டு அவளைப் பார்த்து நின்றான்.

"நீயா?"

"நான்தான். நாளைக்கு உன்னையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். ஒரு பக்கமா மென்னது போதும்."

அண்ணன் தலையாட்டினான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னொரு தரம் அடி" என்றான்.