மூடியின் உட்புறம்

அந்தோணிராஜ் காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்து, கோவிலில் பூசை நேரம், கல்லறையில் குழி வெட்ட ஆள். எழுபத்தெட்டு வயதில் தம்பிக்குச் சாவுக் காரியம் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்கவும் அவருக்குத் தெம்பில்லை.

தம்பி மேத்யூ ஓவியன். மஞ்சள் சாட்டின் கோட்டும் மயிலிறகுத் தொப்பியுமாகச் சூலியா தெருவில் நடப்பான். ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று சேவலுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக் கோவிலுக்கே கூட்டி வந்தான். சுற்றுலாக்காரர்கள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் பக்கவாசல் வழியாக வெளியேறினார்.

"பெட்டிய நானே வரஞ்சு வச்சிருக்கேன் அண்ணே. அதுலதான் என்னை வைக்கணும்" என்று போன வாரம் மேத்யூ கேட்டபோது, பெட்டியைப் பார்க்காமலேயே சரி என்று சொல்லிவிட்டார். கொடுத்த வாக்கை மீறுவது அந்தக் குடும்பத்தில் கிடையாது.

நான்கு மணிக்கு, மாக் மண்டினில் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தர் பெட்டியை வேனில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மேத்யூவின் படங்களுக்கெல்லாம் சட்டம் போட்டுக் கொடுத்தவர். உடலைக் கிடத்திவிட்டு மூடியைத் தலைமாட்டுச் சுவரில் சாய்த்தார்கள். அப்போதுதான் அந்தோணிராஜ் அதைப் பார்த்தார்.

மூடியில் அவர்களுடைய அப்பா. நாற்பது வருஷம் கோவிலில் உபதேசியாராக இருந்தவர். அதே வெள்ளைக் கோட்டு, அதே நேர்வகிடு. இடுப்புக்குக் கீழே மட்டும் கணவாய் மீனுக்கு இருப்பதுபோல் கால்கள். ஒவ்வொரு காலும் ஒரு சம்சுச் சாராயப் போத்தலைச் சுற்றிப் பிடித்திருந்தது.

அப்பா குடித்தது ஊருக்குத் தெரியாது. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் காத்த சங்கதி. ஐந்து மணிக்குச் செபமாலைக்குப் பங்குச் சனமே திரண்டு வரும்.

"என்னம்மா இது?"

"சர்ரியலிசம் பெரியப்பா" என்றாள் மேத்யூவின் மகள் நட்டாலி. "கனவுல வர்ற மாதிரி வரையறது. அர்த்தம் பார்க்கக்கூடாது."

"போத்தலுக்கு என்ன அர்த்தம் பார்க்கக் கிடக்கு? கனவுன்னா தூங்கறப்ப கண்டுட்டுப் போகணும். ஒரு பெட்ஷீட் கொண்டா."

"துணி போட்டா தூக்கிப் பார்ப்பாங்க லா. நம்ம ஆளுங்கள உங்களுக்குத் தெரியாதா? கிளாரிஸ் ஆன்ட்டிதான் மொத ஆளு."

"ரூமுக்குள்ள வச்சிடலாமாண்ணே?" என்றார் சிக்கந்தர்.

"கூடாது. பெட்டியும் மூடியும் பிரிஞ்சா வீட்டுல அடுத்த சாவு விழும்னு அம்மா சொல்வாங்க."

"அடுத்தது நீங்கதானேண்ணே" என்று சொல்லிவிட்டு சிக்கந்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தோணிராஜுக்குக் கோபப்படக்கூடச் சக்தியில்லை. நாளைக்குக் கோவிலில் வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். அதோடேயே குழியில் இறக்கச் சொல்லலாம். இந்த ஒரு சாயங்காலத்தைத் தாண்டினால் போதும்.

"திருப்பி வைங்க. படம் சுவரைப் பார்க்கட்டும்."

இருவரும் மூடியைத் திருப்பினார்கள். உட்புறமும் வரையப்பட்டிருந்தது.

அங்கே நின்றவர் அந்தோணிராஜ். உள்காற்சட்டையும் கழுத்துப்பட்டியும் தவிர உடம்பில் பொட்டுத் துணியில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளைப் பூட்டு. தலைமேல் இந்த வீடு, ஓட்டுக்கூரையோடு. பாரத்தில் கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை. மேல்மாடி ஜன்னலில் மஞ்சள் கோட்டுக்காரன் ஒருவன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான்.

சிக்கந்தர் இருமினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது பெரியப்பா" என்றாள் நட்டாலி. "உள்பக்கத்த தான் மட்டுந்தானே பார்க்கப் போறோம்னு அப்பா வரஞ்சிருப்பாரு."

வாசலில் கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "நட்டாலி! கேட்டத் திற லா!" கிளாரிஸின் குரல்.

"மறுபடி திருப்பட்டுமாண்ணே? சீக்கிரம் சொல்லுங்க."

முப்பது வருஷம் பங்குப் பேரவைச் செயலாளர். சட்டையில்லாமல் வெளியாள் ஒருவர்கூட அவரைப் பார்த்ததில்லை. முழங்காலிலிருந்த பழைய தழும்பைக்கூட அந்தப் படுபாவி விட்டுவைக்கவில்லை.

"இருக்கட்டும்" என்றார்.

"அண்ணே, ஜட்டியோட..."

"எனக்குக் கண்ணு தெரியுது சிக்கந்தர். அப்பா சுவரப் பார்த்தே இருக்கட்டும். நட்டாலி, நீ போய்க் கேட்டத் திற."

கிளாரிஸ் உள்ளே வந்து, சிலுவை போட்டுக்கொண்டு, பிணத்தைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். அந்தோணிராஜைப் பார்த்தாள். மறுபடியும் மூடியைப் பார்த்தாள்.

"அண்ணே... இது..."

"நான்தான்" என்றார் அந்தோணிராஜ். "உட்காரு. செபமாலைய ஆரம்பிக்கலாம்."